தலை தட்டி, கோபுரமாக

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்த அழைப்பு வந்தது. பதிப்பகத்தில் என் எண்ணை வாங்கிக் கூப்பிட்டிருந்தாள் அந்தப் பெண். குரலைக் கேட்டால் முப்பது வயதுக்குள்தான் இருக்கும் என்று தோன்றியது.

"மேடம், உங்க புத்தகத்தைப் பார்த்துதான் அதிரசம் பண்ணேன். எண்ணெயில போட்டதும் உதிர்ந்து உதிர்ந்து போகுது. ரெண்டு கிலோ மாவு மேடம். நாளைக்கு ஊர்லேருந்து மாமியார் வர்றாங்க."

பாகு எப்படி வைத்தாய், எந்த வெல்லம், எத்தனை நாள் மாவை ஊறவிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் சரியாகவே செய்திருந்தாள். கடைசியில் மாவைப் பற்றிக் கேட்டேன்.

"கடையில பாக்கெட்ல வாங்கின பச்சரிசி மாவுதான் மேடம். நீங்க அதுதானே போட்டிருக்கீங்க?"

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தேவையான பொருட்கள் என்ற தலைப்பின் கீழ் முதல் வரி: பச்சரிசி மாவு 1 கிலோ. அவ்வளவுதான் எழுதியிருந்தேன். ஈர மாவு என்று ஒரு சொல் இல்லை. அந்தப் பெண் நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறாள். பிழை முழுக்க என்னுடையது.

அதிரசத்துக்கு அரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்கு முன்பே இடிக்க வேண்டும். அந்த ஈர மாவுதான் பாகோடு சேர்ந்து இழுபடும். காய்ந்த மாவு பாகை எவ்வளவு குடித்தாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. எண்ணெயில் விழுந்ததும் கட்டுவிடும். எங்கள் ஊரில் இதைப் பத்து வயதுப் பிள்ளை கூடச் சொல்லும். அதனால்தான் நான் எழுதவில்லை. எழுத வேண்டிய ஒன்று என்று என் மனதுக்குப் படவே இல்லை.

அந்த ரெண்டு கிலோவைக் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை. அரை கிலோ பச்சரிசியை உடனே ஊறப்போடச் சொன்னேன். அன்று இரவு பத்தரை மணிவரை விட்டுவிட்டுப் பேசினோம். பாகைத் தண்ணீரில் விட்டு அவள் விரலால் கூட்டிப் பார்த்தபோது நான் மறுமுனையில் மூச்சுப் பிடித்துக் காத்திருந்தேன். "உருளுது மேடம்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முப்பது வருடமாக இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போது தோன்றியது.

சமையல் எழுத்துக்குள் நான் வந்தது பத்திரிகை இணைப்புகள் வழியாக. தமிழ்ப் பெண்கள் பத்திரிகைகளோடு இலவசமாகக் கொடுப்பார்களே, முப்பது வகை ரசம், முப்பது வகைத் துவையல் என்று, அந்த மாதிரிச் சிறு புத்தகங்கள். பத்து நாளில் முப்பது குறிப்பு கொடுக்க வேண்டும். முப்பதையும் அடுப்பில் வைத்துப் பார்க்க நேரம் கிடையாது. பத்துப் பதினைந்தைச் செய்து பார்ப்பேன். மீதியை அனுபவத்தில் எழுதுவேன். பக்கம் போதாவிட்டால் ஆசிரியர் குழு முதலில் கை வைப்பது பதம் சொல்லும் வரிகளில்தான். பொருட்பட்டியல் அப்படியே இருக்கும். "நுரை கூடி வரும்போது இறக்கவும், கொதிக்க விட்டால் ரசம் கசக்கும்" என்று நான் எழுதியது "கொதித்ததும் இறக்கவும்" என்று வந்ததுண்டு. சண்டை போட்டிருக்கிறேன். இடமில்லை என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வரும். காலப்போக்கில் நானே சுருக்கி எழுதப் பழகிவிட்டேன். அந்தப் பழக்கம் என் முதல் புத்தகத்துக்கும் வந்து சேர்ந்தது. அதிரசத்தில் விடுபட்ட வரிக்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் இருந்தது. அது எனக்குப் பல வருடம் கழித்தே புரிந்தது.

இந்தத் தொழிலில் எனக்கு அளவுகோல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951-ல் வந்த புத்தகம். மாமியாரும் நாத்தனாரும் இல்லாத வீட்டில், டெல்லியிலோ பம்பாயிலோ தனிக்குடித்தனம் வைத்த பெண்களின் கையில் அது இருந்தது. அப்புறம் விமானம் ஏறியவர்களின் பெட்டியிலும் போனது. பக்கத்தில் யாருமில்லாத ஒருத்திக்கு எழுதுகிறோம் என்ற நினைவு அதன் ஒவ்வொரு குறிப்பிலும் இருக்கிறது. எப்போது தண்ணீர் விடுவது, எவ்வளவு விடுவது, எதற்கு முன்னால் எதைத் தயார் செய்து வைத்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். சின்ன வயதில் அதைப் படித்தபோது இவ்வளவு நீட்டுகிறாரே என்று நினைத்தேன். அதிரசம் உதிர்ந்த அன்றுதான் அந்த நீளத்தின் அருமை தெரிந்தது.

சமையல் எழுத்தாளர் மதுர் ஜாஃப்ரியின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. 1950-களின் நடுவில் நடிப்புப் படிக்க லண்டன் போனவருக்குச் சமைக்கத் தெரியாது. டெல்லியில் இருந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, பதிலாக வந்த கடிதங்களைப் பார்த்துத்தான் சமைக்கக் கற்றார். அவருடைய முதல் சமையல் புத்தகம் 1973-ல் வந்தது. கடல் தாண்டியிருக்கும் மகளுக்கு எழுதும் அம்மா எதையும் தெரிந்ததுதானே என்று விடமாட்டாள். சமையல் குறிப்பு எழுத அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

'சமைத்துப் பார்' வந்தபோது நாட்டில் கிராம் கணக்கு இல்லை. மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வரத் தொடங்கியது 1958-ல்தான். அதுவரை படி, ஆழாக்கு, வீசை, பலம். என் அம்மாவின் நோட்டும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நீல நிற மை, அங்கங்கே எண்ணெய்க் கறை. "அதிரசம்: அரிசி 1 படி, வெல்லம் 24 பலம்." அதற்கு மேல் ஏலக்காய், எள்ளு. முடிந்தது.

இதைக் கிராமுக்கு மாற்றும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரு வீசைக்கு 40 பலம். வீசை ஏறக்குறைய 1,400 கிராம். ஆக ஒரு பலம் 35 கிராம். 24 பலம் 840 கிராம். எடையில் குழப்பம் இல்லை. படிக்கு எட்டு ஆழாக்கு. ஆனால் ஆழாக்கு எவ்வளவு? அம்மாவின் பித்தளை ஆழாக்கில் தண்ணீர் ஊற்றி நிறுத்தேன்: 168 கிராம். அப்பா வழி அத்தைப்பாட்டி வீட்டிலிருந்து வந்த ஆழாக்கு 200 பிடித்தது. முதல் கணக்கில் படி அரிசி 1.1 கிலோ அளவு வரும், இரண்டாவதில் 1.3 கிலோ. இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று ஒரே ஆழாக்கால் இரண்டையும் அளந்தால் எந்த ஆழாக்கானாலும் கெடுதலில்லை. அதிரசத்தில் அரிசியை முகந்து அளக்கிறோம், வெல்லத்தை நிறுத்து வாங்குகிறோம். ஆழாக்கு மாறினால் இனிப்பும் கட்டும் மாறிவிடும். அந்த நோட்டு அந்த வீட்டு ஆழாக்கோடு சேர்ந்ததுதான். பாத்திரத்தைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டு நோட்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாட்டி கையெழுத்து என்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். பாத்திரத்தையும் வைத்திருங்கள் என்று போகும் இடமெல்லாம் கெஞ்சுகிறேன்.

இரண்டாவது புத்தகத்துக்காக ஊர் ஊராகப் போனேன். எங்கே போனாலும் பையில் ஒரு சின்ன மின்தராசு இருக்கும். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்ப் பாகைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டு ஓசை கேட்கும் தொழிலாளியின் காதையும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர் கரண்டியை நிறுத்தும் நொடியையும் பார்த்தேன். ஊட்டியில் தோசை மாவு புளிக்க இரண்டு மடங்கு நேரம் ஆவதையும், அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்தும் பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதையும் பார்த்தேன். எல்லாவற்றையும் அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். இங்கே இரண்டு அடுப்படிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று காரைக்குடிப் பக்கத்தில் ஒரு ஆச்சியின் வீடு. எண்பதைத் தாண்டியவர். வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு கேட்டேன். ஒரு பித்தளை உழக்கை எடுத்தார். அரிசியைப் போட்டு விரலால் வழித்துத் தலை தட்டினார். அதன் மேலே உளுத்தம் பருப்பைக் கையால் மெல்லத் தூவினார். பருப்பு நடுவில் குவிந்து, கூம்பாக ஏறியது.

"எவ்வளவு உளுந்து ஆச்சி?"

"கோபுரம் நிக்கிற வரைக்குந்தான் ஆத்தா. அதுக்கு மேல போட்டா அதுவே உருண்டுரும்."

சொன்னபடியே ஒரு பிடி அதிகமாகத் தூவிக் காட்டினார். பருப்பு சரிந்து தட்டில் விழுந்தது. கோபுரம் முன்பிருந்த அளவிலேயே நின்றது. அப்படியே தராசில் வைத்தேன். அவர் மறுபடி அளந்தார், மறுபடி நிறுத்தேன். மூன்று தடவையும் உளுந்தின் எடையில் ஒன்றிரண்டு கிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லை. உளுத்தம் பருப்பு எந்தச் சரிவில் நிற்குமோ அந்தச் சரிவில்தான் நிற்கும். அளப்பவர் கை ஆசைப்பட்டாலும் கூடாது. எழுத்தறியாத ஒருத்தி இன்னொருத்திக்கு, தராசும் கரண்டியும் இல்லாமல், பிசகாமல் சொல்லிக்கொடுக்கும்படி யாரோ யோசித்து வைத்த அளவு அது. கண்ணளவு, கையளவு என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் சொற்களுக்குள் இப்படி எத்தனை இருக்கும் என்று நினைத்தபோது அந்த அடுப்படியிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் பாத்திரத்தின் வாய் குறுகலாக இருக்க வேண்டும். அகன்ற கிண்ணத்தில் தலை தட்டிக் கோபுரம் வைத்தால் கோபுரமும் அகலும், உயரும். உளுந்து பல மடங்கு கூடிவிடும். பணியாரம் எண்ணெயைக் குடித்துத் தொய்ந்துபோகும். வீட்டுக்கு வந்து என் சில்வர் கிண்ணத்தில் செய்து கெடுத்த பிறகே இதைக் கண்டுபிடித்தேன். ஆச்சிக்குப் போன் செய்து சொன்னேன். "உழக்குலதானே அளப்பாக? கிண்ணத்துல எதுக்கு அளந்தே?" என்று ஆச்சரியப்பட்டார். உழக்கைத் தவிர வேறு ஒன்றால் அளக்கலாம் என்பதே அவர் நினைப்பில் வராதது. புத்தகத்தில் உழக்கின் வாய் அகலத்தைச் சென்டிமீட்டரில் எழுதி, அது இல்லாதவர்களுக்காக உளுந்தின் எடையையும் கொடுத்தேன். அச்சுக்குப் போகும்போது அந்த வாய் அகல வரியை எடுத்துவிடலாமே என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு அடுப்படி யாழ்ப்பாணத்தில். போர் முடிந்து சில வருடம் ஆகியிருந்தது. ஒடியல் கூழ் காய்ச்சக் கற்றுக்கொள்ளப் போயிருந்தேன். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவில்தான் கூழ். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, முருங்கையிலை எல்லாம் ஒரே பெரிய பானையில் வெந்துகொண்டிருந்தன. செத்தல் மிளகாய் அரைத்த விழுதும் பழப்புளியும் போயின. வாசம் முற்றம் வரை வந்தது. கூழ் குடிக்கப் பனையோலையில் பிளா கோலிக் கொண்டிருந்தார் வீட்டுக்காரர்.

அந்த அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தேன். "பிறகு மாவைக் கரைச்சு விட்டுக் கிண்டுங்கோ" என்றார். மாவு ஒரு சட்டியில் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. மேலே தெளிந்திருந்த தண்ணீரை அவர் வடித்துக் கொட்டியதைப் பார்த்தேன்.

"இந்தத் தண்ணியை ஏன் கொட்டுறீங்க?"

"அது காறல் தண்ணி, பிள்ளை. ஊறப்போட்டு வடிக்காமல் விட்டால் கூழ் கைக்கும். வாயிலை வைக்க ஏலாது." ஒரு நொடி நிறுத்தி, என் நோட்டைப் பார்த்தார். "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? அதையும் எழுதுறீங்களோ?"

பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதை மட்டும் நம்பி எழுதியிருந்தால், ஒடியல் மாவைப் பாக்கெட்டில் வாங்கி வைத்துக்கொண்டு டொரண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் ஒரு பேத்தி, ஊறவைக்காமல் கரைத்து ஊற்றியிருப்பாள். கசந்த கூழைக் கொட்டிவிட்டு, நமக்கு வராது என்று அதோடு விட்டிருப்பாள். எனக்கு அதிரசப் பெண்ணின் குரல் கேட்டது. சொல்லிக்கொடுப்பவர் எதையும் மறைப்பதில்லை. தெரியாதவர் ஒருவர் இருப்பார் என்பதே அவருக்குத் தோன்றாது. அன்றிலிருந்து சொல்வதை எழுதுவதைவிடக் கையைப் பார்த்து எழுதுவதுதான் என் முறை. வாய் சொல்லாமல் விடுவதைக் கை செய்துகொண்டிருக்கும்.

மூன்றாவது புத்தகம் என் வீட்டைப் பற்றியது. அம்மாவின் நோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குறிப்பும் எப்படி வந்தது என்று எழுதிவிடலாம் என்று நினைத்தேன். சுலபமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மூன்று வருடம் ஆயிற்று.

கையெழுத்து அம்மாவுடையது. ஆனால் பாதிக்கு மேல் சொல்லச் சொல்ல எழுதியது. சொன்னவர் அத்தைப்பாட்டி. இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்து, அறுபது வயதுவரை அந்த அடுப்படியில் நின்றவர். வெங்காய சாம்பாரில் அவருக்கு நிகர் கிடையாது என்று ஊரே சொல்லும். அவர் வெங்காயம் சாப்பிட்டதே இல்லை, கைம்பெண் என்று சாப்பிட அனுமதியில்லை. இரவில் அவருக்குச் சோறும் கிடையாது. நாக்கில் வைத்துப் பார்க்காமல், வாசத்தைக் கொண்டே உப்பு சரியா என்று சொல்லுவார். சின்ன வயதில் எங்களுக்கு அது ஒரு வித்தை மாதிரி. "பாட்டி, உப்பு சொல்லுங்க" என்று வேடிக்கை பார்ப்போம். எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த வித்தைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று உறைத்தது. என் முதல் புத்தகத்தில் அந்த வெங்காய சாம்பாரை "எங்கள் வீட்டு ஸ்பெஷல்" என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை இப்போது படிக்க எனக்கு மனம் கூசுகிறது. அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டேன். அத்தைப்பாட்டிக்கு ஒரு முழு அத்தியாயம் எழுதினேன்.

அதிரசத்துக்கு வந்தபோது அம்மாவிடம் கேட்டேன். நோட்டில் ஏன் மாவின் பதம் இல்லை? வெல்லத்தின் எடை வரை எழுதியிருக்கிறீர்களே?

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அதை நாங்க பார்க்கறதில்லையேம்மா. மாவு இடிக்க ஒருத்தங்க வருவாங்க. அரிசியைத் துணியில பரப்பிட்டு அவங்கதான் அள்ளி அள்ளிப் பார்ப்பாங்க. இன்னும் காயட்டும்பாங்க. அப்புறம் போதும்பாங்க. நாங்க பாகு வைக்கிறதோட சரி."

"அவங்க பேர் என்ன?"

"மாவு இடிக்கிற அம்மான்னுதான் கூப்பிடுவோம்."

இதுதான் நான் முன்பு சொன்ன அந்த இன்னொரு காரணம். அந்த வரியை யாரும் மறக்கவில்லை. எவ்வளவு ஈரம் என்பது எங்கள் வீட்டாருக்குத் தெரிந்திருக்கவே இல்லை. தெரிந்தவர் கொல்லைப்புறமாக வந்து, உரலடியில் வேலை முடித்து, கூலியும் ஒரு சம்புடத்தில் நாலு அதிரசமும் வாங்கிக்கொண்டு கொல்லைப்புறமாகவே போய்விட்டார். பிறகு மாவு மில் வந்தது. ஈர அரிசியைக் கொண்டு போய்க் கொடுத்தால் மில்காரர் பார்த்துச் சொல்லுவார். பிறகு பாக்கெட் மாவு வந்தது. அதில் சொல்ல யாருமில்லை. எங்கள் குடும்பத்துப் பலகாரம் என்று நான் பெருமையாக எழுதிய ஒன்றின் உயிர்நாடி, பெயர் கூடத் தெரியாத ஒருவரின் உள்ளங்கையில் இருந்திருக்கிறது.

அம்மாவுக்கு அவர் என்ன செய்தார் என்பது மட்டும் கண்ணில் இருந்தது. ஒரு பிடி அரிசியை அள்ளி இறுக்கிப் பிடித்து விடுவாராம். எல்லாம் உதிர்ந்து, உள்ளங்கையில் நாலைந்து அரிசி ஒட்டியிருந்தால் இடிக்கலாம். நிறைய ஒட்டினால் ஈரம் அதிகம். ஒன்றும் ஒட்டவில்லை என்றால் காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்துப் பிசறி மூடிவைக்க வேண்டும். அதைப் பத்துப் பன்னிரண்டு தடவை செய்து பார்த்தேன். இடித்துச் சலித்த மாவைப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நின்றது. பாகு என் வெப்பமானியில் 112-க்கும் 115 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் இருந்தபோது தண்ணீரில் திரண்டு உருண்டது. மூன்றாம் நாள் தட்டிப் போட்டேன். ஒன்றுகூடப் பிரியவில்லை.

முதல் புத்தகத்தின் புதிய பதிப்பில் அதிரசம் இரண்டரைப் பக்கம் வருகிறது. "இந்த ஈரப்பதம் எங்கள் வீட்டுக்கு மாவு இடிக்க வந்த ஒரு பெண்மணி பார்த்துச் சொன்னது" என்ற வரியோடுதான் தொடங்குகிறது. பெயர் இருந்தால் போட்டிருப்பேன்.

அந்தப் பதிப்பின் ஒரு பிரதியை, உதிர்ந்த அதிரசத்தோடு என்னை அழைத்த பெண்ணுக்கு அனுப்பினேன். அந்த வருடத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் மறுபடியும் கூப்பிட்டாள்.

"மேடம், நிழல்ல உலர்த்தணும்னு போட்டிருக்கீங்க. நாங்க எட்டாவது மாடி. முற்றமெல்லாம் இல்ல. ஃபேனுக்கு அடியில பரப்பலாமா? எவ்வளவு நேரம்?"

எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்று மாலையே அரை கிலோ அரிசியை ஊறவைத்து, கூடத்தில் வேட்டியை விரித்துப் பரப்பி, மின்விசிறியை நடுத்தர வேகத்தில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அள்ளிப் பிடித்துப் பார்த்தேன். இருபதாவது நிமிடத்தில் உள்ளங்கை முழுக்க ஒட்டியது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஐந்து அரிசி. பென்சிலை எடுத்துப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதினேன்: மின்விசிறிக்கு அடியில் 25 நிமிடம், மழைநாளில் திரும்பவும் பார்க்க வேண்டும்.